கப்பலுக்கு நாலு நாள் போட்டவர்

இருபத்தாறு வருடமாக அவர் பேருந்துகளுக்குப் பயண நேரம் போடுகிறார். வேலைக்காக ஒரு பேருந்திலும் ஏறிப் பார்த்ததில்லை. டிப்போ மாடியில் உட்கார்ந்தபடி தூரத்தைக் கேட்பார், நிறுத்தங்களைக் கேட்பார், கடைசியில் "பிரேக் பிடிச்சு நிக்க நேரம் விட்டாச்சா?" என்பார். அதனால் ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயரே 'பிரேக்கு'.

"பிரேக்கு அண்ணன் போட்ட நேரத்துக்கு ஆமையே போய்ச் சேர்ந்து டீயும் குடிச்சிடும்" என்று கிண்டலடிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் போட்ட நேரம் தப்பியதில்லையே!

மகள் ஒண்டியாளாக இரண்டு வருடம் மல்லுக்கட்டி ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியிருந்தாள். அதை ஒரு போட்டிக்கு மறுநாள் மாலைக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால் போட்டியை நடத்தும் கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனத்திலேயே வேலை. இல்லாவிட்டால் பெரியப்பா பார்த்து வைத்திருக்கும் பில்லிங் மென்பொருள் கம்பெனி.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு விண்கப்பல் மருந்து எடுத்துட்டு வேற ஒரு கிரகத்தோட நிலவுக்குப் போகுது. அங்க எல்லாரும் உயிருக்குப் போராடிட்டு..."

"கதையெல்லாம் வேணாம்மா. தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?"

"முப்பது கோடி கிலோமீட்டர். இருபத்துநாலு மணி நேரம். நம்புற மாதிரி இருக்கா?"

"நடுவுல நிறுத்தம்?"

"அப்பா, அது விண்வெளி!"

"சரி, பிரேக்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதி தூரம் வேகம் ஏற்ற வேண்டும், மீதிப் பாதி வேகத்தைக் குறைக்க வேண்டும், உள்ளே இருப்பவர்களின் உடம்பும் தாங்க வேண்டும். கணக்குப் போட்டு நிமிர்ந்தார்.

"நாலு நாள் ஆகும்."

"ஒரு நாள்ல முடியவே முடியாதா?"

"சான்ஸே இல்ல."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. டிப்போ மாடியிலிருந்து நேரம்தான் கீழே இறங்கும், காரணம் இறங்காது. அவளும் கேட்கவில்லை. நேர விஷயத்தில் அப்பா சொன்னால் சொன்னதுதான். நோயாளிகள் நாலு நாள் தாங்கும்படி கதையை மாற்றினாள். மிச்ச நேரத்தை எண்ணித் திரையின் மூலையில் துடித்துக்கொண்டிருந்த சிவப்புக் கடிகாரத்தை நீக்கினாள். அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. படங்கள் அருமையாம். ஆனால் விளையாட்டில் அவசரமே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவர் முதன்முதலாக அந்த விளையாட்டின் முன்னால் உட்கார்ந்தார். கப்பலின் கதவு திறந்தது. தொழில் புத்தி, கண் இருக்கைகளைத் தேடியது. ஒன்றுகூட இல்லை. மருந்துப் பெட்டிகளும் ஒற்றைக்கண் இயந்திரம் ஒன்றும்தான் இருந்தன.

"ஆளுங்க எங்கம்மா?"

"எந்த ஆளு?"

"கப்பல்ல போறவங்க."

"யாருமே இல்லப்பா. மெஷின்தான் ஓட்டுது. முதல் காட்சியே அதுதானே!"

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"ஒரே நாள்ல போனா உடம்பு பதினாறு மடங்கு கனக்கும்மா. மனுஷன் நசுங்கிடுவான்னுதான் நாலு நாள் போட்டேன். பெட்டிக்கு என்ன? கெட்டியாக் கட்டினா தாங்கிடும்."

"அப்போ நான் போட்டது சரியா?"

"சரிதான். பிரேக்கோட சேர்த்தே சரி."

"உங்க பஸ்லயாவது ஆள் இருக்காங்களான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்கப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு அவள் சொல்ல வந்த கதையை இரண்டு நிமிடம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

"திரும்ப அனுப்பலாமே?"

"ஒருத்தர் ஒரு தடவைதான்ப்பா."

திங்கட்கிழமை அவள் பில்லிங் மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். அவர் நேரம் போட்ட ஏழே முக்கால் பேருந்தில் போகிறாள். முதல் நாள் அவரும் கூட ஏறுகிறார்.