சோளம் பொரிக்க மூன்று சட்டிகள்

ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காபி குடித்தேன். ஏழு மணிக்குச் செய்தித்தாள், எட்டுக்கு இரண்டு இட்லி. ஒன்பது மணிக்கு, சோளம் பொரிக்கிற அலுமினியச் சட்டியை அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்துக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில் நாகல் நகர் பாத்திரக்கடைக்குக் கிளம்பினேன். மறுநாள் என் மனைவிக்கு முப்பதாம் நாள் படையல். முந்தின நாள் சாயங்காலமும் அந்தச் சட்டியில் சோளம் கருகிவிட்டது. படையலுக்காவது ஒரு பிடி பொரி பூக்க வேண்டும் என்று நான்காவது சட்டி வாங்கப் போனேன்.

சினிமாவில் இடைவேளை விளக்கு எரிவதற்கு முன்பே பாப்கார்னுக்கு எழுந்து நிற்கிறவள் அவள். சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆன பிறகு இளநீர் போயிற்று, சிறுமலை வாழைப்பழம் போயிற்று, தண்ணீரையே அளந்து குடிக்கும்படி ஆயிற்று. உப்பில்லாத சோளப்பொரி ஒரு பிடி சாப்பிடலாம் என்று மருத்துவமனையில் உணவு முறை சொல்லும் பெண் சொன்னபோது, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். வெளியே விற்பதிலெல்லாம் உப்பு இருக்கும். வீட்டிலேயே பொரிக்க ஒரு சட்டி வேண்டும் என்றாள். சித்திரை மாதம் அது.

நான் எதையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவன். அடி கனமாக இருக்க வேண்டும், மணிகள் ஒரே இடத்தில் கிடந்து கருகாதபடி மூடியில் கிளறுகிற கைப்பிடி வேண்டும், ஆவி போகத் துளை வேண்டும் என்றெல்லாம் நோட்டில் எழுதினேன். பதினொரு நாள் ஆயிற்று. "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்குக் கூட நீங்க இம்புட்டு யோசிக்கல" என்றாள் அவள்.

இதற்குள் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிற அவள் தம்பிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல மணியாகத் தானே பொறுக்கி, ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்தான். கடைச் சோளத்தை நம்ப வேண்டாம், நம் காட்டுச் சோளத்தில் பொரித்துத் தின்னு என்றான். அவள் பைக்குள் கையை விட்டுச் செத்த நேரம் அப்படியே வைத்திருந்தாள். வேறு சோளம் வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

முதல் சட்டி தபாலில் வந்தது. என் டைரியில் இருக்கிறது: நாற்பது மணி போட்டேன், ஆறு பிளந்தன, மற்றவை கருகின. அடி மெல்லியது என்று திருப்பி அனுப்பினேன். இரண்டாவது நாகல் நகரில் வாங்கிய கனத்த எவர்சில்வர், கண்ணாடி மூடி. அவள் அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிகள் லேசாகத் துள்ளின, விரிந்தன, பிறகு கறுத்தன. ஆவிக்கு வழியில்லை என்று முடிவு செய்தேன். தீயைக் கூட்டினேன், குறைத்தேன். எண்ணெயை மாற்றினேன். மணிகளை நனைத்தும் காயவைத்தும் பார்த்தேன். சோளத்தை மட்டும் மாற்றவில்லை.

"விடுங்க. எனக்குத்தான் கொடுப்பினை இல்ல" என்றாள் ஒரு நாள். அடுத்த சட்டியில் பூத்துவிடும் என்று சொன்னேன். கண்ணாடி மூடிச் சட்டியின் குறைகளை எழுதிய தாளோடு போனதால் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார். மூன்றாவதாக அந்த அலுமினியச் சட்டி வீட்டுக்கு வந்தபோது அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். அங்கிருந்து அவள் திரும்பவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கடைக்காரர் சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் குறை ஒன்றும் இல்லையே என்றார். பெட்டியோடு நான் கொண்டுபோயிருந்த சோளத்தில் நாலு மணியை உள்ளங்கையில் போட்டு உருட்டினார்.

"இது எங்க வாங்குனது சார்?"

"சொந்தக் காட்டுல வெளஞ்சது."

அவர் தலையைச் சொறிந்தார். "இது கோழித் தீவனத்துக்குப் போற சோளம் சார். எந்தச் சட்டியில போட்டாலும் பூக்காது. பொரிக்கிற சோளம் வேற ரகம். எல்லா மளிகைக் கடையிலயும் கெடைக்கும்."

பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வரவழைத்தார். கடைக்குப் பின்னால் இருந்த டீ அடுப்பில் என் சட்டியை வைத்தார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. படபடவென்று வெடித்து, வெள்ளை வெளேரென்று மூடியைத் தள்ளிக்கொண்டு வந்தது. சட்டி நல்ல சட்டி சார் என்றார். நான் தலையசைத்துவிட்டு, மிச்சப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதம் அவள் வீட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அத்தனை நாளும் தெருமுனை மளிகைக் கடையில் அந்தப் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் தம்பி வந்துவிட்டான். கையில் இன்னொரு மஞ்சப்பை. படையலுக்கு அக்கா முன்னால் வைக்க, மறுபடியும் பொறுக்கி எடுத்த சோளம். பையை வாங்கிக்கொண்டு அவனை உட்காரச் சொன்னேன். அடுப்படிக்குப் போய், அன்றைய முதல் வேலையாக, பையை மேல் அலமாரியில் வைத்துவிட்டு, கடைப் பாக்கெட்டைச் சட்டியில் கொட்டினேன். காலி உறையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெடிக்கிற சத்தம் கேட்டு அவன் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றான். நிரம்பிய சட்டியைப் பார்த்ததும் அவன் முகம் உடைந்துபோயிற்று.

"நம்ம சோளந்தான மச்சான்? அன்னைக்கு மட்டும் ஏன் மச்சான் பூக்கல?"

"நான் வாங்குன சட்டி சரியில்ல மாப்ள" என்று சொல்லி, பொரியை ஒரு தட்டில் அள்ளி நீட்டினேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கிப் போய் அவள் படத்துக்கு முன்னால் வைத்தான்.