மூன்று சென்டிமீட்டர் கூடுதல் வளைவு

வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்பானர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சைக்கிள் தொழிற்சாலையில் பதினொரு வருஷம் ஃபோர்க் வளைக்கும் இயந்திரத்தில் நின்றவள். முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் அந்தக் குழாய்க் கால்கள் எவ்வளவு வளைந்திருக்கின்றன என்று பார்வையிலேயே சொல்வாள். தொழிற்சாலை மூடியதும் தெருமுனையில் பழுதுபார்க்கும் கடை போட்டாள். வேலையில் நேர்மை உண்டு. பேச்சில் இனிமை கிடையாது.

கடையை ஒட்டியே வீடு. தெருப்பக்க ஜன்னலடியில் அக்காவின் தையல் மெஷின். அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் இடம் அது ஒன்றுதான். ஆனால் தினமும் எட்டரை மணிக்கு அக்கா துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். திரும்பி வர மத்தியானம் ஆகும். அதுவரை இருட்டில் கையால் தைத்ததைப் பாதி பிரிக்க வேண்டியிருக்கும்.

அக்காவை விட்டுப் போன புருஷன் வேலைக்குப் போகும் நேரம் அது. வேறு தெரு வழியாகவும் போகலாம். போகமாட்டான். ஜன்னல் வந்ததும் கைப்பிடியை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கடப்பான். ஆறு வருஷம் அக்காவின் தையலில் சாப்பிட்டவன், போன அன்று அக்கம்பக்கம் கேட்க, "உன்னைச் சுமந்தது போதும்" என்றான். கட்டிய கைகள் அதையே தினமும் திருப்பிச் சொல்லின. இரண்டு வருஷமாக ஸ்பானர் கடைக்குள்ளிருந்து அதைப் பார்த்துவந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கே வந்தான். நடைபாதைக் கல்லில் மோதி ஃபோர்க் மடங்கியிருந்தது. பழைய மாடல். அந்த அளவு வேறு எந்தக் கடையிலும் இல்லை.

"என்ன கொழுந்தியா, சௌக்கியமா?"

"வண்டிய அங்க நிறுத்துங்க சார்."

"சாரா? அத்தான்னு கூப்பிட்ட வாயா இது?"

"அப்ப வேற வண்டி ஓட்டிட்டு இருந்தீங்க."

பஞ்சருக்காகக் காத்திருந்த வாத்தியார் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார்.

அவன் வண்டிக்குப் பொருந்தும் ஃபோர்க்குகள் அவளிடம் இரண்டு இருந்தன. ஒன்று பழையதைப் போலவே நாலரை சென்டிமீட்டர் வளைவு. இன்னொன்று முன்னால் கூடை வைத்த சுமை வண்டியிலிருந்து கழற்றியது. ஏழரை.

கைப்பிடித் தண்டின் சாய்வை அப்படியே தரைவரை நீட்டினால், அந்தக் கோடு டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். அந்த இடைவெளிதான், கை விட்டாலும் சக்கரத்தை நேராக இழுத்து வைக்கிறது. ஃபோர்க் கூடுதலாக முன்னே வளைந்தால் இடைவெளி குறையும். முன்னால் பாரம் இருந்தால் அதுவும் ஒழுங்காகவே போகும். பாரமில்லாமல் கையை விட்டால் சக்கரம் தன் போக்கில் அலையும்.

நீதி என்றால் இரு தரப்பையும் கேட்க வேண்டும். ஸ்பானருக்கு ஒரு தரப்பு போதுமாக இருந்தது. ஏழரையை எடுத்தாள். பிரேக்கைச் சரிபார்த்தாள், நட்டுகளை இரண்டு தடவை முறுக்கினாள். அவன் விழுந்து சாக வேண்டாம். கை கட்ட முடியாமல் வாழ வேண்டும்.

"இது சுமை வண்டி ஃபோர்க். முன்னால பாரம் வேணும். வெறுமனே ஓட்டினா கைய விடாதீங்க. வாத்தியாரே, நான் சொன்னதக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேம்மா."

"எனக்கே சைக்கிள் சொல்லித் தர்றியா?" என்று அவன் ஏறிப் போனான். அவன் கேட்கமாட்டான் என்று தெரிந்துதான் சொன்னாள்.

திங்கட்கிழமை ஜன்னலுக்கு எதிரே கைகளைக் கட்டினான். சக்கரம் இடது பக்கம் நழுவியது. தாவிப் பிடித்தான். செவ்வாய்க்கிழமை சாக்கடை ஓரத்தில் கால் ஊன்றி நின்றான். எதிர் வீட்டுக்காரி, "எண்ணெய் போடுங்க, சரியாகும்" என்றாள். புதன்கிழமை குனிந்து, இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்தபடி போனான். உள்ளறை வாசலிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். வியாழக்கிழமை எட்டரைக்கு அவள் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவன் கடைக்கு வந்தான். நாலரை ஃபோர்க் ஆணியில் தொங்கியது.

"அது சரியா இருக்கும்போலயே. மாத்திக் குடு."

"மாத்தலாம் சார். அக்கா சொல்லட்டும்."

"அவகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?"

"அப்ப பிடிச்சுட்டே ஓட்டுங்க."

ஆணியில் தொங்கியதை இன்னொரு தடவை பார்த்தான். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனான். அக்கா நிமிரவில்லை. தையலை ஓரம்வரை ஓட்டி முடித்தாள், நூலைக் கத்தரித்தாள். அதற்குப் பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"உன் தங்கச்சிகிட்ட ஃபோர்க்க மாத்தச் சொல்லு" என்றான்.

"என்ன ஆச்சு?"

"நேராப் போக மாட்டேங்குது."

"முன்னால பாரம் வச்சா போகும்னு சொன்னாளாமே."

அவன் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பாரத்துக்கு இப்ப எங்க போவீங்க?" என்று கேட்டுவிட்டு, அக்கா அடுத்த துணியை ஊசிக்கடியில் வைத்தாள்.