மூடி கழற்றாத கிராபிக்ஸ் கார்டு

‘நோ சிக்னல்’ என்கிற ரெண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்பவும் பல்லைக் கடிக்கத் தோன்றும். கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பெட்டி. வேலைவெட்டி இல்லாதவன் ஏரிக்கரையில் உலாத்துகிற மாதிரி அது அங்கேயும் இங்கேயும் மிதந்துகொண்டிருக்கும். பார்க்கிறவனுக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையைச் சும்மா விடவில்லை. “இனிமே வூட்லயே சொந்தமா பண்ணிக்கிறேங்க” என்று முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் கோபப்படவே இல்லை. “உன் சேரு இங்கியேதான் கெடக்கும்” என்றார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே!

முதல் ஆர்டர் மலைமேல் இருக்கிற கரியாலூரிலிருந்து. காதுகுத்து பேனர், மறுநாள் விசேஷம். மத்தியானத்துக்குள் அச்சுக்கு அனுப்பினால்தான் சாயங்கால பஸ்ஸில் பேனர் மலையேறும். இல்லையென்றால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சேரில் உட்கார வேண்டும்.

என் பழைய கம்ப்யூட்டர் பெரிய ஃபைலைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, புது போர்டு, புது கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து நானே மாட்டினேன். காற்றாடி சுற்றியது. தேர்த் திருவிழா மாதிரி விளக்கெல்லாம் எரிந்தது. மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’.

மானிட்டர் பழசு. அதில் ரெண்டே ரெண்டு போர்ட். ஒன்று அந்தக் காலத்து வி.ஜி.ஏ., புதுக் கார்டில் அது கிடையாது. இன்னொன்று டிஸ்ப்ளே போர்ட். கார்டில் என் கண்ணுக்குப் பட்டது ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. சரி என்று, ஒரு முனை எச்.டி.எம்.ஐ., மறுமுனை டிஸ்ப்ளே போர்ட் என்று ஒரு கேபிள் வாங்கி மாட்டினேன். ரெண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது. உட்கார்ந்தால் வேலை செய்ய வேண்டியதுதானே? செய்யவில்லை. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். கார்டைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். மேஜையை ஒரு தட்டு தட்டினேன். கை வலித்ததுதான் மிச்சம்.

“இன்னாத்துக்கு அதப் போட்டு அடிக்கிறீங்க? அது இன்னா கடனா வாங்கிச்சி உங்ககிட்ட?” என்றாள் மனைவி.

கம்ப்யூட்டர் கேபினெட்டை பைக் டேங்க்மேல் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாங்கின கடைக்கே போனேன். கடைக்காரர் தன் மானிட்டரில், தன் கேபிளில் சொருகினார். பளிச்சென்று படம் வந்தது.

“கார்டு நல்லாத்தான் சார் இருக்குது. உங்க மானிட்டருக்கும் இதுக்கும் ஜாதகம் பொருந்தல. புதுசு ஒண்ணு எடுத்துக்குங்க.”

“ஏன் சார், நேத்து விக்கும்போது பொருத்தம் பாக்கலயா?” என்று கத்தினேன். பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினேன். மறுபடி அதே பெட்டி, அதே உலாத்தல். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து போன்.

“அண்ணே, பாப்பா போட்டோ நல்லா வந்திருக்குதா?”

“சூப்பரா வந்துகினே இருக்குதுப்பா” என்றேன், கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே.

போனை வைத்ததும், “இந்த மானிட்டர இன்னிக்கே வித்துத் தலமுழுகிடறேன், டப்பாவ எட்றி” என்று கத்தினேன். மனைவி பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளேயிருந்து பாலிதீன் உறை பிரிக்காத ஒரு கேபிள் விழுந்தது.

“இது இன்னாது?”

“அதோட ஒயரு. ரெண்டு முனையும் டிஸ்ப்ளே போர்ட். இந்தக் கார்டுல அதுக்குப் போர்ட் இல்ல.”

அவள் செல்போன் டார்ச்சை கேபினெட்டின் பின்பக்கம் அடித்தாள். “கறுப்பா மூணு இருக்குதே, இது?”

“அது மூடி.”

“மூடின்னா உள்ள எதையாச்சும் மூடிகினுதானே இருக்கும்?”

நானும் குனிந்து பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு உறை உண்டு. கீபோர்டுக்கு உறை உண்டு. பைக் சீட்டில் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறது, வெயில் நாளில் ஏறினால் தொடை வேகும். எல்லாம் என் உத்தரவு. அந்த ரப்பர் மூடிகளையும் பிரிக்காத புதுசின் அழகு என்றுதான் விட்டுவைத்திருந்தேன். தலையில் மூளையையும் உறை பிரிக்காமலே வைத்திருக்கிறேன் போல.

ஒரு மூடியைப் பிடுங்கினேன், உள்ளே டிஸ்ப்ளே போர்ட். அந்தப் பழைய கேபிளைச் சொருகினேன். வந்தது படம்! பிறகு, நான் வாங்கின கேபிளின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், ஒற்றை அம்புக்குறி. கார்டில் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டரில் எச்.டி.எம்.ஐ., அப்படி மட்டும்தான் அது வேலை செய்யுமாம். நான் மாட்டினது தலைகீழ். கொட்டை எழுத்தில் போட வேண்டிய விஷயத்தை எறும்பு சைஸில் போட்டவன் கையில் கிடைத்தால் அந்தக் கேபிளாலேயே கட்டிப்போடுவேன்.

அந்த ஆத்திரத்தோடே காதுகுத்து பேனரை முடித்தேன். பாப்பாவைச் சுற்றி ரோஜாப்பூ வைக்கும்போதும் வாய் திட்டிக்கொண்டுதான் இருந்தது. ஃபைல் நேரத்துக்கு அச்சுக்குப் போனது. சாயங்கால பஸ்ஸில் பேனர் மலையேறியது. பழைய கடைச் சேர் காலியாகவே கிடந்தது.

“மிச்ச ரெண்டு மூடியையும் கழட்டுறதுதானே?” என்றாள் மனைவி.

“கைய எடு. புதுசா இருக்கட்டும்” என்றேன்.