பால் கொட்டின கை

வெள்ளி, காலை 7.40. எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயணச் செலவு சுழியத்தில் தொடங்குவது எனக்கு வெகு பிடித்தம். போக வேண்டியது விருதுநகர் வரைக்கும்தான். ஆனால் அங்கே ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் நான் மாலத்தீவு போக முடியும். அங்கே ஒரு தீவுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவக் காப்பீடு இல்லாமல் விசா இல்லை. டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் காப்பீடு இல்லை. நாளைக்குள் அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு வயது நாற்பத்தொன்று. இதை விட்டால் எனக்காக இன்னொரு தீவு கடலில் முளைக்கப் போவதில்லை.

நான்கு பக்கப் படிவத்தை நேற்றே நிரப்பிவிட்டேன். அந்த நோய் உண்டா, இந்த நோய் உண்டா, விபத்து உண்டா, தீக்காயம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் ‘இல்லை’.

பக்கத்தில் தூக்குவாளியோடு, எங்கள் ஊரில் முகம் மட்டும் பழக்கமான ஒரு பெண் உட்கார்ந்தாள். நகக்கண்ணில் வெள்ளிப் பொடி. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள். சேலை விலகித் தெரிந்த என் இடது கையைப் பார்த்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் கசங்கிக் கிடக்கும்.

“பால் கொட்டுனதா டீச்சர்?” என்றாள்.

“பால்தான். சின்னப் பிள்ளையில கொட்டிருச்சு.”

“எனக்கு வெந்நீ” என்று ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் கம்பெனியில் கை சுட்டது என்று பலரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் விசாரணை வரும், கம்பெனியைப் பூட்டுவார்கள், பத்து வீட்டு அடுப்பு அணையும். அதனால் பால், வெந்நீர், குழம்புச் சட்டி. அடுத்தவர் கேட்பார், நாம் சொல்வோம், அவர் நம்பியதாகத் தலையாட்டுவார்.

“எங்கன போறீக?”

மாலத்தீவு வரைக்கும் சொன்னேன்.

“அம்புட்டுத் தூரத்துக்குத் துணைக்கு யாரு வாரா?”

“யாருமில்லக்கா.”

“ஆத்தீ, ஒத்தையிலயா!” என்றாள். அவள் கம்பெனி நிறுத்தம் வந்ததும் இறங்கிப் போனாள்.

8.45, சிவகாசி. டீ பன்னிரண்டு ரூபாய். விருதுநகர் பஸ்ஸில் டிக்கெட் இருபத்தைந்து. திருத்தங்கல், ஆமத்தூர் என்று வண்டி நின்று நின்று போனது. படிவத்தில் ஒரே ஒரு கட்டம் காலி: ‘அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?’ போனைத் தடவித் தடவிப் பார்த்தேன். கேஸ்காரர், கேபிள்காரர், பழைய பள்ளித் தலைமையாசிரியை. அம்மாவின் எண் இன்னும் இருக்கிறது. அம்மாதான் போன மாசியோடு இல்லை. கடைசியில் தலைமையாசிரியையின் பெயரை, அவரைக் கேட்காமலே எழுதினேன்.

10.20, விருதுநகர். டாக்டர் என்னைவிட இளையவர். மருத்துவக் கட்டணம் முந்நூறு. ரத்த அழுத்தம் பார்க்கக் கையைப் பிடித்தவர் விடவில்லை.

“இது என்னம்மா?”

“பால் கொட்டினது சார்.”

“பால் கொட்டினா தோலுக்குள்ள இப்படிக் கரும்புள்ளி தங்காது. நான் சாத்தூர்க்காரன், என்கிட்டயேவா? இது மருந்து சுட்டது.”

மருந்து என்றால் எங்களுக்கு முதலில் வெடிமருந்துதான்.

“படிவத்துல இல்லன்னு போட்டிருக்கீக. நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு அங்கன உடம்புக்கு ஒண்ணு வந்து, நீங்க மறைச்சது தெரிஞ்சா பத்துப் பைசா தர மாட்டாக.”

“உண்மையை எழுதினா?”

“உங்களை வேண்டாம்னு சொன்னாலும் சொல்லிருவாக. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. ஒரு மணி வரைக்கும் இருப்பேன்.”

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரைக் கேட்பது? வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி என் பையில் இருக்கிறது.

பன்னிரண்டு வயதில், முழுப் பரீட்சை லீவில், அம்மாவுக்குச் சோறு கொண்டு போனவள் கம்பெனியிலேயே உட்கார்ந்து திரி சொருகினேன். பக்கத்து அறையில் தீப்பிடித்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரி வாசலில் என் காதில் சொன்னாள்: “பால் கொட்டிருச்சுன்னு சொல்லு தாயி. உன்னைய அங்கன உக்கார வச்சேன்னு தெரிஞ்சா அம்மாவப் பிடிச்சிட்டுப் போயிருவாக.” இருபத்தொன்பது வருடம் சொன்னேன். வெடியுப்பும் அலுமினியமும் எப்படி எரியும் என்று கரும்பலகையில் எழுதிப்போடும்போதுகூட முந்தானையால் கையை மூடிக்கொண்டேன். வீட்டுக்குள், நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதும் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பாள், “பால் பட்ட கை வலிக்காடி?” அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு நாள்கூட நாங்கள் அதைப் பேசவில்லை.

இனி அம்மாவை யாரும் பிடித்துக்கொண்டு போக முடியாது. அது விளங்கியபோது நிம்மதி வரவில்லை; அழுகைதான் வந்தது. தெருவென்றும் பாராமல் அழுதேன்.

உள்ளே போய் ‘இல்லை’யை அடித்துவிட்டு எழுதினேன்: பன்னிரண்டு வயதில், பட்டாசு ஆலையில், வெடிமருந்துத் தீக்காயம். அம்மாவைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். 12.30-க்கு பஸ் நிலையத்தருகே ஒரு கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்பினேன், பக்கம் ஐந்து ரூபாய்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. காப்பீடு உண்டு. ஒரே ஒரு விலக்கு: இடது கைத் தழும்பு தொடர்பான எந்தச் சிகிச்சைக்கும் பணம் கிடையாது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். என் உடம்பில் அந்த ஒரு கைக்கு மட்டும் நானே பொறுப்பு.

அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை, அதே 7.40 பஸ். இந்த முறை இரண்டு பெட்டிகளோடு; திருவனந்தபுரம் போய் விமானம் ஏற வேண்டும். அதே பெண் அதே தூக்குவாளியோடு வந்து உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும்போல் இருந்தது. சொல்ல வேறு ஆளில்லை.

“அக்கா, இது பால் இல்ல. கம்பெனித் தீ” என்றேன்.

அவள் சட்டென்று முன்னும் பின்னும் பார்த்தாள். என் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டாள்.

“தெரியும் டீச்சர். மெதுவாப் பேசுங்க. நீங்க போயிருவீக. நான் இங்கன இறங்கணும்ல.”

கம்பெனி நிறுத்தம் வந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.