சாஃப்ட் என்றார் டாக்டர்

தஞ்சாவூரிலிருந்து குடவாசல் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஓயாமல் தன் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பது வயது இருக்கும். நெல் மூட்டை சுமந்து காய்த்துப்போன பிடரி. புதுச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை.

"வயித்து வலிங்களா?" என்றேன்.

"வலியெல்லாம் இல்லைங்க. துபாய் வேலைக்கு மெடிக்கல் போயிட்டு வர்றேன். டாக்டர் வயித்த அமுக்கிப் பாத்துட்டு, நர்ஸுகிட்ட 'சாஃப்ட்'னாரு. அப்படின்னா என்னங்க?"

"மெத்துன்னு இருக்குன்னு அர்த்தம். இட்லியச் சொல்றோமே, அது மாதிரி."

அவர் முகம் செத்துவிட்டது.

"இட்லியா? மூட்டை தூக்குற வேலைங்க அது. மெத்துன்னு இருக்கறவன யாரு எடுப்பா? மூச்ச நல்லா விடுங்கன்னாரு, நானும் விட்டுத் தொலைச்சேன். தம் கட்டியிருக்கணும்."

"டாக்டர் குறையா சொல்லியிருக்க மாட்டாருங்க" என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. தம் கட்டிக்கொண்டு என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்து, "இப்ப அமுக்குங்க" என்றார். பலகையாக இருந்தது. குடவாசலில் இறங்கும்போதும் அவர் மூச்சை விட்டதாகத் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, என் வயிற்றை அமுக்கிய டாக்டரும் அதே வார்த்தையைச் சொன்னார். பதறிப்போய் அர்த்தம் கேட்டேன்.

"வயிறு நல்லா இருக்குன்னு அர்த்தம் சார். பலகை மாதிரி இறுகியிருந்தாத்தான் பயப்படணும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடிவு தெரியும்வரை அந்த மனிதர் எத்தனை நாள் தம் கட்டிக்கொண்டே திரிந்தாரோ?