மடியில் வைத்த பை

நான் வேலை பார்க்கும் ஊரில் பஸ்ஸுக்குக் கண்டக்டர் கிடையாது. ஏறியதும் ஒரு சின்னப் பெட்டியின் வாயில் சீட்டை நீட்டினால் அதுவே முத்திரை குத்தித் திருப்பித் தரும். இறங்க வேண்டுமானால் கம்பியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் அழுத்தாவிட்டால் வண்டி நிற்காது. வந்த புதிதில் அதை அழுத்த எனக்குக் கூச்சம். எனக்காக மட்டும் இவ்வளவு பெரிய வண்டி நிற்க வேண்டுமா என்று தோன்றும். வேறு யாராவது அழுத்தி இறங்குகிற இடத்தில் நானும் இறங்கி மீதி தூரத்தை நடப்பேன். சில நாள் என் நிறுத்தத்தைத் தாண்டிப்போய்த் திரும்பி நடப்பேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படியே போயிற்று. ஊரில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். என்னைப்போல வெளியே வந்து கிடப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த ஊர் ரோமுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி, ஒரு மலைமேல் இருக்கிறது. இங்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். நான் குளச்சல்காரி. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கருங்கலில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றேன், கல்யாணம் ஆயிற்று, கணவர் சுகமில்லாமல் இறந்தார். மகள் ஜெனிக்கு அப்போது பதினோரு வயது. அவளைத் தங்கை லில்லியிடம் விட்டுவிட்டு வந்தேன். இடையில் இரண்டு தடவை ஊருக்குப் போயிருக்கிறேன். கடைசியாகப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஜெனி லில்லியை அம்மா என்றும் அவள் கணவரை அப்பா என்றும் என்னை மம்மி என்றும் கூப்பிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அதுவாகவே அப்படி ஆயிற்று.

இந்த வருஷம் லில்லி போனில் கூப்பிட்டு ஜெனிக்கு இடம் பார்த்திருப்பதாகச் சொன்னாள். "முட்டத்துப் பையன், யக்கா. மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்கு. நல்ல குடும்பம். நீ என்ன சொல்லுத?"

"செரி," என்றேன்.

"செரிங்கதக் கொஞ்சம் சிரிச்சிட்டுத்தான் சொல்லேன். பல்லு டாக்டர்ட்ட சொல்லுத மாதிரில்லா இருக்கு."

அவள் சொன்னது சரிதான். சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் கால் நம்முடையதாகவே தெரியாது அல்லவா, அதுபோல உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. அன்றைக்கும் வழக்கம்போல முதியவர்களுக்கு மாத்திரை எடுத்து வைத்தேன், படுக்கை மாற்றினேன். விமான டிக்கெட் போடுவதற்காகப் பெட்டிக்கு அடியில் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்தபோதுதான் அது காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று தெரிந்தது. ஐந்து வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதை எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

அதைப் புதுப்பிக்கத்தான் ரோமுக்குப் போனேன். இந்தியத் தூதரகத்தின் பாஸ்போர்ட் அலுவலகத்தில் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஊரில் கோயிலில் இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று சாமியார் வாசிப்பார், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கச் சொல்வார். மூன்றாம் ஓலை வருகிற ஞாயிறு. அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை காகிதங்களைக் கொடுத்தால் எட்டு நாளில் பாஸ்போர்ட் கிடைக்கும், சனிக்கிழமை ஏறினால் ஞாயிறு திருவனந்தபுரத்தில் இறங்கலாம். தவறினால் கல்யாணத்துக்கு நான் இல்லை.

ரோமில் தெர்மினி என்பது பெரிய ரயில் நிலையம். அங்கேயிருந்து பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் ஐந்தாவது நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும். இல்லத்தில் இருக்கும் சிஸ்டர் ஒரு காகிதத்தில் ஐந்து பெயர்களையும் வரிசையாக எழுதித் தந்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய பாஸ்போர்ட், இங்கே தங்குவதற்கான அட்டை, போட்டோக்கள், படிவங்கள் எல்லாம் இருந்தன. நகரும் படிக்கட்டில் கீழே கீழே இறங்கிப் போனேன். வண்டி வந்தது. நல்ல நெருக்கடி. உள்ளே தள்ளிக்கொண்டு போய் ஒரு கம்பியைப் பிடித்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் வயது இருக்கும். கண்ணாடி போட்டிருந்தாள், கோட்டுக்குக் கீழே ஏதோ கடையின் பச்சைச் சீருடை தெரிந்தது. அவள் மடி காலியாக இருந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் தோளிலிருந்து பையைக் கழற்றி அவள் மடியில் வைத்தேன். "கொஞ்சம்," என்று தமிழில் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

குளச்சலிலிருந்து கருங்கலுக்குக் கடை வேலைக்குப் போன நாட்களில் நான் நின்றாலும் உட்கார்ந்தாலும் இதுதான் நடக்கும். நின்றால் என் பை யாரோ ஒருத்தி மடியில் இருக்கும். உட்கார்ந்தால் என் மடியில் நாலு பேருடைய பை இருக்கும். சோற்றுப் பாத்திரம், பள்ளிக்கூடப் புத்தகம், சந்தையில் வாங்கிய மரச்சீனிக்கிழங்கு எல்லாம் வந்து சேரும். கேட்கவும் மாட்டார்கள், நன்றி சொல்லவும் மாட்டார்கள். உட்கார்ந்தவள் மடி அந்த பஸ்ஸுக்கே சொந்தம். ஒருதடவை ஒருத்தி கைக்குழந்தையை என் மடியில் போட்டாள். பாலப்பள்ளத்தில் கூட்டம் ஏறியதில் அவள் பின்வாசல் பக்கம் போய்விட்டாள். அங்கிருந்தே, "எம்மோ, பிள்ளைக்கத் தொப்பியக் கழத்தி விடு, வேர்க்கும்," என்று சத்தம் போட்டாள். நானும் கழற்றினேன். கருங்கல் வரைக்கும் அந்தப் பிள்ளை என் தோளில் தூங்கியது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

மெட்ரோவில் இருந்த பெண் பதறிப்போய் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள், என் பை அவளைச் சுட்டுவிடும் போல. "ம கே ஃபா, சிஞ்ஞோரா?" என்றாள். என்ன செய்கிறாய் அம்மா என்று அர்த்தம். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். பதினோரு வருஷத்தில் இந்த மொழி எனக்கு ஓரளவு வரும். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது ஒரு சொல்லும் வரவில்லை. பையைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்குகிறவர்கள் பின்னாலிருந்து நெருக்கினார்கள். எதிர்த்துத் தள்ளி நிற்க எனக்குத் தெரியாது. நான் வழிவிடப் போய் அவர்களோடு பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டேன். திரும்பி ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். எழுந்து நின்று என் பையை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்றக் கையின் கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டினாள். ஒருதடவை அல்ல, மூன்று நான்கு தடவை. நம் ஊரில் கட்டைவிரலைக் காட்டினால் காரியம் நல்லபடி முடிந்தது என்று அர்த்தம். பை கிடைத்துவிட்டது, போய் வா என்று கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். வண்டி இருட்டுக்குள் போயிற்று.

பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்னொரு வண்டி வந்து போனது. அதற்கடுத்ததும் போனது. அங்கே எனக்கு என்ன தோன்றியது என்பதை லில்லியிடம்கூடச் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. பல மாதங்களாக ஒன்றுமே தோன்றாத எனக்கு முதலாவதாகத் தோன்றியது அந்த நிம்மதிதான். இனி போக வேண்டாம். பாஸ்போர்ட்டே களவு போயிற்று என்றால் யாரும் குறை சொல்ல முடியாது. ஐந்து வருஷமாகப் பார்க்காத மகளுக்கு முன்னால், கல்யாண வீட்டில், ஊர் முழுக்கப் பார்க்க, எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தெரியாமல் நிற்க வேண்டியதில்லை. போனில் சொல்லிவிட்டால் போதும். ஜெனியும் அழ மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு ஒரு வண்டி வந்தது, கதவு எனக்கு நேராகத் திறந்தது, ஏறினேன். தேடிப் போகவில்லை. ஏறினேன், அவ்வளவுதான்.

அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்ததும் அவள் தெரிந்தாள். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, என் பையை மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து திட்ட ஆரம்பித்தாள். வேகமாகத் திட்டியதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. ரோமில் யாராவது பையை அடுத்தவர் கையில் கொடுப்பார்களா, உனக்கு மூளை இருக்கிறதா, நான் கடையைத் திறக்க வேண்டியவள், எத்தனை வண்டி பார்த்தேன் தெரியுமா என்றெல்லாம் கேட்டாள். பிறகு கட்டைவிரலை என் மூக்குக்கு நேராக நீட்டி, "ஊனோ. ஊனோ," என்றாள். ஒன்று. ஒரு நிறுத்தம். அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறேன், வா என்று சொல்லியிருக்கிறாள்.

இந்த ஊர்க்காரர்கள் விரல்விட்டு எண்ணும்போது கட்டைவிரலில்தான் தொடங்குவார்கள். இல்லத்தில் முதியவர்கள் மாத்திரை எண்ணுவதைப் பதினோரு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். இருந்தும் அந்த நேரத்தில் குளச்சல்காரியின் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன்.

அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். பாஸ்போர்ட், அட்டை, போட்டோ. எல்லாவற்றுக்கும் நான் தலையசைத்தேன். கடைசியில் பையின் வாரை என் கழுத்துவழியாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல மாட்டிவிட்டாள். அவளுடைய வண்டி வந்தது, ஏறிப்போனாள். நன்றி என்று நான் சொன்னபோது வண்டியின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

அலுவலகத்தை அடைந்தபோது மணி பதினொன்று ஐம்பது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நம் நாட்டு முகம். ஹிந்தியில் ஏதோ கேட்டாள், எனக்கு வராது. இங்கிலீஷும் அரைகுறை. கடைசியில் இரண்டு இந்தியப் பெண்களும் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டோம்.

"உங்கள் நேரம் பதினொன்று. அது போய்விட்டது. அடுத்த வியாழன் வாருங்கள்," என்றாள்.

அடுத்த வியாழன் கொடுத்தால் கைக்கு வர அதிலிருந்து எட்டு நாள். அதற்குள் கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்திருக்கும். தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். வாசல் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்றபோது அந்தப் பச்சைச் சீருடைக்காரிதான் நினைவுக்கு வந்தாள். முன்பின் தெரியாத மனுஷி, கடையைக்கூடத் திறக்காமல் பெஞ்சில் உட்கார்ந்து பையைக் கட்டிப் பிடித்திருந்தாளே. அவள் இப்போது கேட்டால் என்ன சொல்வேன்? என் மகள் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அவளுக்குச் சொல்ல இல்லை.

கவுண்டருக்குத் திரும்பி வந்து, "மியா ஃபீல்யா ஸி ஸ்போஸா," என்றேன். என் மகளுக்குக் கல்யாணம். அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

"என்றைக்கு?" என்றாள்.

சொன்னேன்.

"எத்தனை மகள்கள்?"

"ஒரே மகள்."

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?" என்று கேட்டுவிட்டு ஓரத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினாள். ஒரு மணிக்கு எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். விரல் ரேகை எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் கிடைக்கும் என்றாள்.

வெளியே வந்து ஊருக்குப் போன் செய்தேன். அங்கே மாலை ஆகியிருக்கும். ஜெனிதான் எடுத்தாள்.

"மம்மி, கெடச்சிட்டா?"

"வெள்ளிக்கிழம தருவாங்க. சனிக்கிழம ஏறிருவேன்."

"அப்பம் வருவியா?"

"வருவேன் மக்கா."

பின்னால் யாரோ பந்தல்காரரோடு வாக்குவாதம் செய்யும் சத்தம் கேட்டது. பிறகு ஜெனி மெதுவாகக் கேட்டாள்.

"மம்மி, ஒரு காரியம். கோயிலுக்கு எறங்கும்பம் முட்டுக்குத்தி நின்னு பெரியவங்கள்ட்ட நெத்தியில சிலுவ வாங்கணும்லா. அம்மைக்கும் அப்பாவுக்கும் ஹால்ல ரெண்டு சேர் போட்டு, போட்டோக்காரன் எடம் பாத்துட்டுப் போயாச்சு. நீ வந்தா மூணாக்கணும். மூணு போட்டா வாசல் மறையுமாம். என்ன செய்ய?"

லில்லியின் குரல் உடனே இடையில் வந்தது. "ஏட்டி, இத இப்பமாட்டி கேக்குதது? யக்கா, அவ சொல்லுதத கேக்காத. எனக்கச் சேர்ல நீ இரி. நான் அடுக்களைப் பக்கம் நிக்கேன்."

"நீ சும்ம இரும்மா," என்றாள் ஜெனி. என்னிடம் அல்ல, லில்லியிடம். என்னிடம் அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. என்னிடம் எப்போதும் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவாள்.

"ரெண்டு சேர் போதும் மக்கா," என்றேன். "நான் பக்கத்துல நின்னுக்கிடுவேன்."

"நிப்பியா?"

"நிப்பேன்."

"அப்பம் போட்டோக்காரன்ட்ட சொல்லிருதேன்," என்றாள்.

மத்தியானம் ஆனதால் மெட்ரோவில் கூட்டமில்லை. பெட்டியில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. நான் கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். உட்கார்ந்திருந்த ஒருவர் தனக்குப் பக்கத்து இருக்கையைக் கையால் காட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் மறுபடியும் காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறேன் என்று நினைக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வண்டி வளைவில் ஆடியது. கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு, தெர்மினி வரை நின்றுகொண்டே வந்தேன்.