பெயர் சொல்லாத ஜெபம்

என்னை நம்பி ஒருவர் சொன்ன ரகசியத்தை நான் சபை நடுவே ஜெபமாகச் சொன்னேன். அதனால் அவர் படுத்திருந்த இடமும் போயிற்று, மகளின் உறவும் போயிற்று.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் தேவாலயத்தில் தொண்டூழியனாக இருந்தேன். வீடில்லாத ஆண்கள் பத்துப் பேர் இரவு தங்குவதற்குச் சபைக் கூடத்தைத் திறந்துவிட்டிருந்தோம். காலை ஏழு மணிக்குள் மெத்தைகளைச் சுருட்டி மேடைக்குப் பின்னால் அடுக்கிவிட வேண்டும். எட்டு மணிக்குப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

அந்தப் பத்துப் பேரில் அவரும் ஒருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அறுபதைத் தாண்டியவர், இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. மனைவியைப் பிரிந்தபோது வீடும் போய்விட்டது. ஒரே மகள் ஆங் மோ கியோ வட்டாரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். வேறொரு வட்டாரமான கிளமெண்டியில் நண்பரோடு அறை எடுத்திருப்பதாக அவளிடம் சொல்லி வைத்திருந்தார். ஞாயிறு மாலைகளில் கூடத்து இஸ்திரிப் பெட்டியை வாங்கி, இருந்த ஒரே நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போவார்.

"அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது சார். அந்த வீட்ல அவ தலை நிமிர்ந்து இருக்கணும்," என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் தமிழ் ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் விண்ணப்ப நேரம் உண்டு. யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று எழுந்து சொல்லலாம், பெயர் சொல்வதில்லை. பெயரை விட்டுவிட்டால் வேறு எதையும் சொல்லலாம் என்று எல்லாருமே பழகியிருந்தோம். சபையின் பாதி ஊர்வம்பு அப்படித்தான் வந்தது, கண்ணை மூடிக்கொண்டு. ஒரு ஞாயிறு காலை நானும் எழுந்தேன். துறைமுகம், விரல்கள், ஆங் மோ கியோ மகள், அவளிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் தழுதழுத்தது. பலர் கண்ணைத் துடைத்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண்மணி அந்த மாமியாரின் பக்கத்து வீட்டுக்காரர்.

அன்று மாலை கிரேன்காரர் மகள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியபோது, சர்ச் தரையில் படுக்கிற ஆளுக்கு இஸ்திரி எதற்கு என்று மாமியார் கேட்டாராம். மகள் உள்ளே இருந்து ஓடி வருவதற்குள் மின்தூக்கியில் இறங்கிவிட்டார். கூடத்துக்கும் திரும்பவில்லை. இதையெல்லாம் மறுநாள் தேடி வந்த மகள்தான் சொன்னாள். அடுக்கி வைத்திருந்த மெத்தைகளைப் பார்த்து, இதில் எது அப்பாவுடையது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

நான்கு மாதம் தேடினேன். தேக்கா சந்தையைச் சுற்றியுள்ள அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளங்கள், பின்சந்துகள், பேருந்து நிறுத்தங்கள். ஒரு நாள் காலை, இன்னும் திறக்காத துணிக்கடை ஒன்றின் வாசலில் அட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். பெயரைச் சொல்லவில்லை என்றும் உளறினேன்.

"பேரை மட்டும்தானே சார் விட்டீங்க," என்றார்.

திட்டவில்லை. கூடத்துக்கு வாருங்கள் என்றதற்குத் தலையை அசைத்து மறுத்தார். மகளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அன்றே மகளைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். தானும் கணவரும் தனி வீட்டுக்கு அரசிடம் விண்ணப்பித்திருப்பதாகவும், அப்பாவுக்கும் சேர்த்தே அறை கணக்குப் போட்டிருப்பதாகவும் வழியெல்லாம் பேசினாள். அங்கே அட்டை மட்டும் கிடந்தது.

கடைக்காரர் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். "நேத்து இவர் வந்துட்டுப் போனதுமே பெரியவர் மூட்டையக் கட்டிட்டாரும்மா," என்றார்.

அவள் அட்டையை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இனிமே நீங்க தேடாதீங்க அங்கிள். உங்களப் பார்த்தா எங்கப்பா ஓடிடுவாரு. நான் தேடிக்கிறேன்."

அன்றிலிருந்து நான் தேக்கா பக்கம் போவதில்லை. காய்கறிகூட வேறு சந்தையில்தான் வாங்குகிறேன். வாராவாரம் அவள் அந்தத் தெருக்களில் அலைவதாகக் கேள்விப்பட்டேன். அவளுடைய எண் என்னிடம் இருக்கிறது. அப்பா கிடைத்தாரா என்று கேட்க இன்னும் அழைக்கவில்லை.